அந்துவானின் வாளில் இல்லாத குழி

பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவில், கிருஷாந்தின் பயண முகவர் நிலையத்துக்குள் நுழைபவர்கள் எல்லாரும் விமானச் சீட்டு வாங்க வருபவர்கள் அல்லர். பின்மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் யோகராணியைத் தேடி வருபவர்களும் உண்டு. காப்புறுதி நிறுவனமொன்றில் களவும் தீயும் தண்ணீர்ச் சேதமும் விசாரித்தே ஓய்வு பெற்றவர் அவர். பொய் சொல்பவர்களைச் சமாளித்துவிடலாம், நல்லெண்ணத்தோடு உண்மையை மறைப்பவர்களோடுதான் மாரடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. கிருஷாந்துக்கு அந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். வழக்கு என்று ஒன்று வந்தால் போதும், கடையைப் பாதியில் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவான்.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் மத்தியானம் ஆலீஸ் வந்தார். புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மடிப்புக் கலையாத மனுஷி. அன்று மேலங்கியின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"எங்க தாத்தாவோட வாளை யாரோ மாத்திட்டாங்க. சாயங்காலம் மியூசேயிலேருந்து வந்து வாங்கிட்டுப் போறாங்க. அதுக்குள்ள போலீஸைக் கூப்பிடணும்னு எங்க அண்ணன் மகன் தியரி குதிக்கிறான்."

"ஆரிலை சந்தேகம்?" என்று யோகராணி கேட்டார்.

"வாளுக்குக் கண்ணாடிப் பெட்டி போடக் குடுத்த படச்சட்டக் கடையில வேலை செய்யிற பிரசாந்தன் மேல. அவனோட கார்ட், இங்க தங்கறதுக்கான அனுமதி, பொபினி அலுவலகத்துல நிலுவையில இருக்காம். போலீஸைக் கூப்பிட்டா அவன் கதை முடிஞ்சிடும். கூப்பிடலைன்னா தாத்தாவோட வாள் போயிடும். எனக்கு ஒண்ணுமே ஓடலைங்க."

ஆலீஸின் தாத்தா அந்துவான், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வாள் பயிற்சியாளர் ஆனவர். 1907இல் பாரிஸில் நடந்த சர்வதேச வாள்வீச்சுப் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்று வரை போய் வென்றார். அந்தக் காலத்தில் சரளைக் கல் தரையில், திறந்தவெளியில், ஒரே குத்தில் ஆட்டம் முடியும். எதிராளியான பெல்ஜியக்காரரின் முனை அந்துவானின் கையைக் காக்கும் கிண்ணத்தில் மோதிக் குழி விழுந்தது. அந்துவானின் குத்தோ எதிராளியின் தோளில் விழுந்தது. போட்டிக் குழுவினரின் படத்தில் எல்லார் பெயரும் இருக்கிறது, அவர் மட்டும் 'இந்தியர் ஒருவர்' என்று நிற்கிறார். வாளை வாங்கிக்கொண்டால் அந்த மியூசே, அருங்காட்சியகம், அவர் பெயரையும் எழுதும்.

"இன்னிக்குக் காலையில கடையில கண்ணாடிப் பெட்டியில பார்த்தேன். அதே மாதிரி பழைய வாள்தான். ஆனா குழி இல்லை" என்றார் ஆலீஸ். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இராஜேந்திரனின் படச்சட்டக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசலில் தியரி கைபேசியைப் பிடித்தபடி நின்றான். உள்ளே முதலாளி இராஜேந்திரன் ஒரு மூலையிலும் பிரசாந்தன் இன்னொரு மூலையிலும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

யோகராணி அவசரப்படவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் விரித்த பட்டுத் துணியில் சுத்தியல், கண்ணாடி வெட்டும் கருவி, இரம்பம், அளவுகோல் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இன்னும் அப்படியே இருந்தன. வரிசையின் நடுவில் நீளமாக ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு பெட்டியைத் திறந்து, வெள்ளைக் காகிதக் கைக்குட்டையால் வாளின் பிடியைப் பற்றித் தூக்கினார். கிண்ணம் வழுவழுவென்று இருந்தது. வாளை வைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். மெல்லிய சிவப்பு ஒட்டியிருந்தது.

"கறள், அக்கா, பழைய இரும்புத் துரு" என்றான் கிருஷாந்த்.

யோகராணி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். தியரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

"நேத்துக் காலையில தாந்த், எங்க அத்தை, கட்டிக் குடுத்த பொட்டலத்தை நான்தான் கார்ல கொண்டாந்து குடுத்தேன். வாள்ல குழி இருந்துச்சு. சாயங்காலம் இந்தப் பக்கமா வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. உள்ளே இவன் தனியா நின்னு ஒரு வாளைத் துணியால தேய்ச்சுக்கிட்டிருந்தான். வுவாலா, இதுக்கு மேல என்ன வேணும்?"

கிருஷாந்த் யோகராணியின் காதருகே குனிந்தான். "அக்கா, ஆயுத பூசையண்டைக்கு ஒருத்தரும் வேலைச் சாமானைத் தொடமாட்டினம். வேலையில்லாத நாளில இவன் ஏன் வாளைத் தூக்கினவன்?"

"நல்ல கேள்வி. அவரிட்டையே கேப்பம்."

பிரசாந்தன் தலை குனிந்தபடியே சொன்னான். "தூசு துடைச்சனான்."

"ஏன் நேற்று?"

அவன் கண் ஒரு கணம் முதலாளியிடம் போய்த் திரும்பியது. இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தார்.

"தம்பி, உம்மடை காட் பொபினியில கிடக்குது. பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"

"ஓம். நான் களவெடுக்கேல்லை, அக்கா. அதுக்கு மேல என்னட்டைக் கேக்காதேங்கோ."

அவன் வாய் திறக்க மாட்டான் என்பது தெளிவாகிவிட்டது. தியரி கைபேசியில் இலக்கங்களை அழுத்தத் தொடங்கினான். ஆலீஸ் அவன் கையைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் யோகராணி. "இராஜேந்திரன், பொட்டலத்தை எங்கை வைச்சுப் பிரிச்சனீங்கள்?"

"இஞ்சைதான். பூசை தொடங்கிற நேரம். தியரி தந்திட்டு உடனே போயிட்டார், கார் பஸ் போற பாதையில நிண்டது. பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் பார்க்கத்தான் பிரிச்சனான்."

"பிரிச்சுப்போட்டு எங்கை வைச்சனீங்கள்?"

இராஜேந்திரன் சரஸ்வதி படத்துப் பக்கம் பார்த்தார். யோகராணி கைக்குட்டையை விரித்து மேசையில் வைத்தார்.

"கிருஷாந்த், இதைக் கறள் எண்டீர். நான் பிடிச்சது இரும்பை இல்லை, நூல் சுத்தின பிடியை. நூலில கறள் பிடிக்காது. இது குங்குமம். அங்கை வரிசைக்கு நடுவில இருக்கிற வெற்றிடம் எவ்வளவு நீளம் எண்டு பாரும்."

கிருஷாந்த் பார்த்தான். வாளின் நீளம் இருந்தது.

இராஜேந்திரன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஆயுத பூசையண்டு வாசலுக்கு ஒரு வாள் வருது, அக்கா. வைக்காமல் விட மனம் வரேல்லை. எல்லாத்துக்கும் நடுவில வைச்சுப் பொட்டும் வைச்சன். பின்னேரம் நான் கோயிலில நிக்கேக்கை ஆலீஸ் அம்மா ஃபோன் எடுத்து, வாளைப் பார்க்க வாறன் எண்டா. அவ வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ, அது மியூசியத்துச் சாமான். பொட்டைப் பார்த்தால் பழுதாக்கிப்போட்டன் எண்டு நினைப்பா. உடனை பிரசாந்தனுக்கு ஃபோன் அடிச்சு, துடை, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டன்."

"அம்மா நேற்று வரேல்லை. இவர் துடைச்சதைத் தியரிதான் பார்த்தார்" என்றார் யோகராணி. "இவர் வாய் திறந்தால் பழஞ்சாமானைப் பழுதாக்கினது முதலாளி எண்டு வரும். அதுக்காகக் கள்ளன் எண்ட பேரையும் சுமந்துகொண்டு நிண்டவர்."

அவர் தியரியின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"இப்ப பாருங்கோ. பிரசாந்தன் நேற்றுப் பின்னேரம் வாளை மாத்தியிருந்தால், பொட்டு வைச்ச வாள் போயிருக்கும். பெட்டியில இருக்கிற வாளின்ரை நூலில குங்குமம் இருந்திருக்காது. ஆனால் இருக்கு. அப்ப பூசையில இருந்தது இதே வாள்தான், குழியில்லாத வாள். பொட்டலத்தைப் பிரிச்சது எல்லார் கண்ணுக்கும் முன்னாலை. ஆகவே வாள் இந்தக் கடை வாசலுக்கு வரமுதலே மாறிப்போச்சு. ஆலீஸ் அம்மாவின்ரை கையிலயிருந்து கடை வரைக்கும் அதை வைச்சிருந்தது ஒரே ஆள். பூசைக்கு நிண்டிருந்தால் பொட்டைப் பார்த்திருப்பீர், இந்தப் பழியைப் போட்டிருக்க மாட்டீர், தியரி. காரைப் பார்த்துக்கொண்டு ஓடிட்டீர்."

தியரி கைபேசியை இறக்கினான். மறுப்பான் என்று கிருஷாந்த் எதிர்பார்த்தான். அவன் மறுக்கவில்லை.

"சின்ன வயசில அதைப் பிடிச்சுத்தான் நான் வாள்வீச்சே கத்துக்கிட்டேன், தாந்த். கண்ணாடிக்குப் பின்னாடி வச்சா யாரும் தொடவே மாட்டாங்க. என்னால முடியலை. மியூசேக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சேன். நீங்க குழியைத் தேடுவீங்கன்னு நினைக்கலை."

"எங்கே இருக்கு?" என்று ஆலீஸ் கேட்டார்.

"கார்ல."

ஆலீஸ் அவனை நேராகப் பார்த்தார். "எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. எடுத்ததைக்கூட மன்னிச்சுடுவேன். ஆனா தாத்தாவுக்குப் பேர் இல்லாமப் போச்சேன்னு அழுத குடும்பம் நாம. நீ இன்னொருத்தன் பேரைக் கெடுக்கப் பார்த்தியே."

தியரி வெளியே போய் வாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கிண்ணத்தின் ஓரத்தில் கட்டைவிரல் பதியும் அளவு குழி இருந்தது. ஆலீஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரசாந்தனிடம் வாளை நீட்டினார்.

"குங்குமம் இருக்காப்பா?"

இராஜேந்திரன் பதறினார். "அம்மா, மியூசியத்து ஆக்கள் வாற நேரம்."

"வரட்டும். யார் வச்சாங்கன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன். வைப்பா. இந்தத் தடவை துடைக்காதே."

பிரசாந்தன் குழிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தான். பிறகு பழக்கத்தில் விரலைத் துடைக்கத் துணியைத் தேடினான். தேடியவன், அதை அப்படியே விட்டுவிட்டு, சிவந்த கையோடு போய், அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தான்.