பூண்டு வாசனை அடித்ததா?

வீட்டில் அவளை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா கண்டுபிடித்த காளானுக்கு அப்படிப் பெயர் வைத்தால் உலகம் சிரிக்கும். அதனால் அவளுடைய பள்ளிக்கூடப் பெயரை வைப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்குக் காளான்களை ஆராய்வதுதான் வேலை. யாரும் அறியாத காளானைக் கண்டுபிடித்தால், அதற்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கே. போன மழைக்காலத்தில், பூங்காவில் மட்கிப்போன ஒரு பெஞ்சின் காலில் சின்னப் பழுப்புக் காளான் ஒன்று முளைத்திருந்தது. அம்மா அதைப் பறித்து உலர்த்தி, அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தாள். வாலுவும் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அன்று மாலை அம்மா கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“என் கட்டுரையைப் படிச்சவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. இதே மாதிரி பழைய காளான் ஒண்ணு இருக்கு. ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஆனா அது பூண்டு நாத்தம் அடிக்கும். நம்மளோடது என்ன வாசனைன்னு கேக்கறாங்க.”

“முகர்ந்து பாரேன்.”

“காய்ஞ்சதுல வாசனை ஏது? பறிச்ச உடனே முகர்ந்து எழுதி வைக்கணும். அன்னைக்குன்னு பார்த்து எனக்குச் சளி! பூண்டு மூட்டை மேலயே உக்கார வச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

“வேற ஒண்ணு பறிக்கலாமே?”

“அந்தப் பெஞ்சை எரிச்சுட்டாங்க. வேற எங்கயும் கிடைக்கல. எவ்வளவு அலைஞ்சேன்!” அம்மா திடீரென்று நிமிர்ந்தாள். “நீயும் கூட இருந்தியே! குனிஞ்சு பார்த்தியே. பூண்டு வாசனை அடிக்கலதானே?”

வாலுவுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நாற்றம் தாங்காமல்தான் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடினாள்.

‘அடிக்கல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா சிரிப்பாள். காளானுக்கு இவள் பெயர் வரும். யாருக்குத் தெரியப் போகிறது?

“அடிச்சுதும்மா,” என்றாள் வாலு. “பூண்டு உரிச்ச கை மாதிரி.”

அம்மாவின் ஒரு வருஷ உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகிவிட்டது. உலர்ந்த காளான் இருந்த பெட்டியை மூடிவிட்டு, அம்மா ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. வாலுவும் அழுதாள். நாளைக்கு வகுப்பில் கேலி செய்வார்கள் என்பதற்காக அல்ல. அம்மாவை இப்படி அழ வைத்தது தான்தான் என்று தோன்றியது.

“நான் பொய் சொல்லியிருக்கணுமாம்மா?”

“சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்டி. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தாள். வாலு எட்டிப் பார்த்தாள். ‘பூண்டு வாசனை. உறுதி. இது புதிய காளான் அல்ல.’

“உறுதின்னு எப்படிம்மா எழுதறே? நீதான் முகரவே இல்லையே?”

“நீ முகர்ந்தியே,” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சியபடி. “எனக்கு அது போதும்.”