பானெட்டில் முளைத்த கை

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்தான் அந்தக் கை முதலில் வந்தது.

அன்றுதான் மார்கழிப் பனி கெட்டியாக இறங்கியிருந்தது. வல்லக்கோட்டையில் எதிர்வீட்டு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறாவது படிக்கும் மெர்சி, அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பா ஜீவானந்தத்தின் கறுப்புக் கார் அங்கே நின்றது. யாரோ ஓட்டி விற்ற பழைய கார். அவர் அதை வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாங்கிய அன்றே ஒரகடம் ரோட்டில் உள்ள கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோய், பாலிஷ் போட்டு எடுத்து வந்திருந்தார்.

பானெட் முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு கைத்தடம்.

உள்ளங்கை இருந்தது. கட்டைவிரல் இருந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய இரண்டு விரல்களைக் காணோம்.

எவனோ போகிற போக்கில் கையை வைத்துவிட்டான் என்றார் அப்பா. துணியால் துடைத்தார். கை போய்விட்டது.

புதன்கிழமை மறுபடி வந்தது. அதே இடம், அதே மூன்று விரல்.

வியாழக்கிழமை கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார் அப்பா. அப்போதும் வந்தது. அன்று மெர்சி அதைத் துடைக்க விடவில்லை, நின்று பார்த்தாள். வெயில் ஏற ஏற முதலில் சுண்டுவிரல் மறைந்தது. பிறகு மோதிரவிரல், பிறகு கட்டைவிரல். உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனது.

அப்பாவின் காரில் தினமும் நாலு பெண்கள் போவார்கள். தெற்கே இருந்து வந்து, அடுத்த தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனியில் வேலை. அவர்களில் மூத்தவள் சந்திரலேகா. வியாழக்கிழமை அவளும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

போதாதற்கு எதிரே டீக்கடை சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், வயசு அறுபது. இந்தக் கார் முன்பு யார்மேலோ மோதியிருக்கிறது, அடிபட்டவன் கடைசியாகப் பிடித்துக்கொண்ட இடம்தான் அது என்று, முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி சொன்னார்.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஏற மாட்டோம் என்றார்கள். திங்கள்கிழமை வரை தவணை. அன்றைக்கும் இந்தக் கதை தொடர்ந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அவர்களை நம்பித்தான் அப்பா கடன் போட்டுக் காரே வாங்கினார். அவர்கள் போனால் காரும் போய்விடும்.

பாஸ்டரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. பூசணிக்காய் உடைக்கச் சொன்னார் சின்னப்பையன். அப்பா இரண்டுக்கும் சரி என்றார். பயந்தவனுக்கு எல்லா வாசலும் ஒரே வாசல்தான்.

அதற்கு நடுவில் அந்தக் கார் கழுவும் கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிகம் பளபளக்கும் வேக்ஸ் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தார். தோள்பட்டை விட்டுப்போகும்வரை தேய்த்தார். பானெட்டைப் பார்த்துத் தலை சீவலாம் போல ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் கை முன்னைவிடத் தெளிவாக வந்தது. உள்ளங்கையின் ரேகைகூடத் தெரிந்தது.

அப்பா துடைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மெர்சி குளிக்கப் போனாள். வெந்நீர் ஆவியில் குளியலறைக் கண்ணாடி வெளுத்தது. வெளுத்த கண்ணாடியில் ஒரு மீசைக்காரன் மெல்ல எழுந்து வந்தான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. போன வாரம் அவளே விரலால் வரைந்த மீசைக்காரன்தான் அவன். அன்றைக்கே காய்ந்து போனவன், இன்றைக்கு ஆவி பட்டதும் திரும்பி வந்திருக்கிறான்.

ஈரத்தலையோடு வாசலுக்கு ஓடினாள். கார்மேல் இன்னும் வெயில் படவில்லை. பானெட் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. துடைத்த துடைப்பில் ஒரு தடமும் இல்லை. குனிந்து, வாயைக் கிட்டத்தில் கொண்டுபோய், "ஹா" என்று ஊதினாள்.

ஒரு கட்டைவிரல் வந்தது.

ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடவில்லை. இன்னொரு முறை ஊதினாள். உள்ளங்கை வந்தது. மூன்றாவது ஊதலில் கை முழுசாக எழுந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது.

நான் கூப்பிட்டால் வருகிறது, நிறுத்தினால் போகிறது. இது என்ன பேய் என்று நினைத்தாள் மெர்சி. யாரோ எதையோ பூசிய கையோடு இங்கே தொட்டிருக்கிறார்கள். அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேக்ஸ் வாங்க அப்பா கிளம்பினார். அவளும் கூடவே போனாள். அதே கார் கழுவும் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் சிவப்பு, நீலம், பச்சை என்று பாட்டில்கள். எல்லாவற்றின் மேலும் பளபளவென்று ஒரு கார் படம். படத்தில் இருக்கும் காருக்கு என்ன, அது என்றைக்கும் அழுக்காகாது.

முதலாளி இன்னும் பெரிய பாட்டிலாக எடுத்து வைத்தார்.

"அங்கிள், இதுல எது எடுக்கும், எது பூசும்?" என்று கேட்டாள் மெர்சி.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கடையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஷாம்பூ அழுக்கை எடுக்கும், பாலிஷ் கறையை எடுக்கும், வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே உட்காரும், அவ்வளவுதான் என்றார்.

மெர்சி அப்பா பக்கம் திரும்பினாள். "எடுக்காமலே பூசிக்கினு இருக்கீங்கப்பா. சீயக்காய் போடாம எண்ணெய்த் தலைக்கு மேல எண்ணெய் வெச்சா எப்படி?"

அப்பா கையிலிருந்த வேக்ஸை, ஏமாற்றிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவர் ஷாம்பூ தேடப் போனபோது மெர்சி பின்பக்கக் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். ஒரு அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு காரின் டயருக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். டயரைக் கருகருவென்று மினுக்கும் எண்ணெய் அது. பூசி முடித்து, எழுந்திருக்க இடதுகையை அந்தக் காரின்மேல் ஊன்றினான்.

மூன்று விரல்.

மெர்சி பார்ப்பதை அவனும் பார்த்தான். சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவள் பக்கத்தில் போய்த் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள். அவன் பெயர் இசக்கியப்பன். தெற்கே நாங்குநேரிப் பக்கம். தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் இரண்டு விரல் போய்விட்டது. அதன்பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை. இந்த முதலாளிதான் சேர்த்துக்கொண்டார். ஆனால் வண்டிக்காரர் ஒருத்தர் குறை சொன்னாலும் அன்றோடு நடையைக் கட்ட வேண்டும்.

"பாப்பா, மொதலாளிட்ட சொல்லிராத," என்றான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது எப்படிப் போகும், அத சொல்லுங்க."

அவன் சொன்னான். டயர் எண்ணெய் லேசில் விடாது. ஷாம்பூ போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். பிறகு பாலிஷை வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் வேக்ஸ், அதுவும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாக.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெர்சியும் அப்பாவும் காரோடு கிடந்தார்கள். மெர்சி ஊதிப் பார்ப்பதும், அப்பா தேய்ப்பதுமாகப் பொழுது போனது. இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று அப்பா நாலு முறை கேட்டார். நாலு முறையும் அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை விடியலில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. நாலு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். சந்திரலேகா போன் வெளிச்சத்தைப் பானெட்டில் அடித்தாள். பனி மட்டும்தான் இருந்தது.

ஆனாலும் அவள் ஏறவில்லை. "போன கை எங்க போச்சு? இப்ப காருக்குள்ள வந்து உக்காந்திருந்தா?"

அது பேய் இல்லை, டயர் எண்ணெய் என்று விளக்கினாள் மெர்சி. உயிரோடு இருக்கிற, மூன்று வேளை சாப்பிடுகிற ஓர் ஆளின் கை என்றாள்.

"அப்ப யாருன்னு சொல்லு. ஏறுதோம்," என்றாள் சந்திரலேகா.

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லித் தொலையேன்டி," என்றார் அப்பா.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்பா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். மெர்சியின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.

மூன்று விரல் கை. முதலில் அது மட்டும்தான் தெரிந்தது. வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்திருந்த சின்னப்பையன் டீ கிளாஸைக் கீழே போட்டு உடைத்தார். பெண்கள் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். கைக்குப் பின்னால் ஒரு சட்டை வந்தது. சட்டைக்கு மேலே இசக்கியப்பனின் முகம் வந்தது. தடம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் போகத்தான், மெர்சி சொன்ன அடையாளத்தை வைத்து, வேலைக்கு முன்னால் நடந்தே வந்திருந்தான்.

"எங் கைதான்க்கா. பயப்படாதீய," என்றான். "பாப்பா எனக்காகத்தான் சொல்லாம நிக்கி."

சந்திரலேகா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் தினம் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறவள்தான்.

"எந்த ஊரு?"

"நாங்குநேரிப் பக்கம்க்கா."

"நான் பக்கத்துல திசையன்வெள. நாலு நாளா எங்க உசுர எடுத்துட்டியேடே," என்றாள். மற்ற மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா திட்டுவதற்கென்றே வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தன்னிடம் எந்தப் புகாரும் இல்லை, எந்த முதலாளியிடமும் பேச வேண்டியதும் இல்லை என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. நாலு கதவும் சாத்திக்கொண்டன. கார் மெல்லப் பனிக்குள் நகர்ந்தது. இசக்கியப்பன் இடதுகையைத் தூக்கி ஆட்டினான். ஜன்னல்கள் இறங்கின. உள்ளேயிருந்து நாலு கைகள் வெளியே நீண்டு, பதிலுக்கு ஆடிக்கொண்டே போயின.