பூசை முடிவதற்குள் ஒரு கொலை

"ஐயோ! செத்துப்போயிட்டாரே!"

கண்மாய்க்கரையில் குப்புறக் கிடந்த உடலைப் பார்த்து அலறினாள் செங்கமலம்.

உடல் ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"இன்னும் இல்ல தாயி... கொஞ்சம் பொறு..."

சப்-இன்ஸ்பெக்டர் பங்கிராஸ்! வயது முப்பத்தெட்டு. தொப்பைக்கு ஐம்பது சொல்லலாம்.

போன ஞாயிறு இதே கரையில்தான் இலுப்பூர் வியாபாரி ரெங்கசாமி கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். லாக்கப்பில் இருப்பது செங்கமலத்தின் புருஷன் நாகராசு. நாளை புதுக்கோட்டை கோர்ட்!

பங்கிராசின் சந்தேகமோ மைக்கேல்சாமி மேல். தபால் பை சுமந்து ஓடியே ரிட்டயரான கிழவர். அவர் நிலத்தை அமுக்கியவர் ரெங்கசாமி. ஆனால் கொலை நேரத்தில் மாதா கோவிலில் பூசை. தொடக்கத்தில் கிழவர் இருந்தார். முடிவில் நற்கருணை அப்பம் வாங்கும்போதும் இருந்தார்.

நடுவில்...?

சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்க, சனம் தலைகுனிந்திருக்க, பின்வரிசையை யார் பார்த்தார்கள்?

அதற்குள் ஓடிப்போய்த் திரும்ப முடியுமா? இன்று காலைப் பூசை மணி அடித்ததும் கோவிலிலிருந்து பங்கிராஸே ஓடிப் பார்த்தார். வழிகாட்ட மைக்கேல்சாமி. புருஷனுக்கு விடிவு வருமா என்று கரையில் காத்திருந்தாள் செங்கமலம்.

வந்து சேர்ந்துவிட்டார். திரும்பத்தான் வழியில்லை!

"பெரியவரே... நெஞ்சு அடைக்குது..."

மைக்கேல்சாமி அவரை அள்ளித் தோளில் போட்டார்.

ஓடினார்!

"கொஞ்சம் மெதுவா..."

"மூட்டை பேசக்கூடாதுங்க ஐயா!"

கோவிலை ஒட்டிய ஆஸ்பத்திரி. டாக்டர் சிவசாமி பதறிப்போய் ஊசி போட்டார். பங்கிராசுக்கு மூச்சு திரும்பியது.

"பெரியவரைப் பாருங்க டாக்டர்... என்னைச் சுமந்தவரு..."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டரின் கண்கள் விரிந்தன.

"வயசானா நுரையீரல் ரத்தக்குழாய் இறுகிப்போகும், இவரால ஓட முடியாதுன்னு நான்தானே ஒங்ககிட்ட சொன்னேன்! காலமெல்லாம் ஓடி ஓடி அதை இளசாவே வச்சிருக்காரு போல. இறுகிப்போனது ஒங்களுக்குத்தான் சார்!"

"என் மானத்தையாவது காப்பாத்துங்க..."

டண்... டண்!

கோவிலில் நற்கருணை மணி. இப்போதுதான்! அதற்குள் கரைக்குப் போய், ஒரு ஆளையும் சுமந்து திரும்பியாயிற்று!

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னை அங்கிட்டே விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்களே... ஏன் பெரியவரே?" பங்கிராஸ் எழுந்து உட்கார்ந்தார்.

"தோள்ல ஏத்துன சுமைய நேரத்துக்குச் சேர்க்காம பழக்கமில்லீங்க. நாகராச விட்டுருங்க. குத்துனது நாந்தேன்."

அப்போதுதான் இரைக்க இரைக்க வந்த செங்கமலம், அதைக் கேட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பங்கிராஸ் விலங்கை எடுத்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோள்... ஓடிராதீங்க! ஒங்களைத் தொரத்தணும்னா, அதுக்கும் நீங்கதான் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடணும்!"