தொட்டியில் யாரும் இல்லை

தீபாவளியன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே தெருவுல எல்லா மொட்டை மாடியிலயும் ஆவி பறக்க ஆரம்பிச்சிருச்சு. வெந்தொட்டிங்கிற மாடிக் குளியல்தொட்டி வந்தபிறகு வர்ற முதல் தீபாவளி. ஒரே தண்ணி தானே சுத்தமாகி, தானே சூடாகி வருஷம் பூரா ஓடும். தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓட வேண்டாம். அதனால போன தை மாசத்துலருந்து வீட்டுக்கு வீடு மாட்டிக்கிட்டாங்க.

கனகவல்லிக்கு மட்டும் அப்பவே பயம். வீட்டுல மூணு வயசுப் பொண்ணு இருக்காளே. மாட்ட வந்த சேவியர்தான் தைரியம் சொன்னான்.

"அக்கா, உள்ள உயிருணரி இருக்கு. உடம்புல ஓடுற நாடியைத் தோல் வழியா தண்ணியே பிடிச்சிரும். ஆள் இருந்தா நாப்பது டிகிரிக்கு மேல சூடு ஏறாது. கொஞ்ச நேரம் ஆள் இல்லேன்னா மூடி தானா பூட்டிக்கும், பாப்பா விழ முடியாது. அப்புறம் கிருமி சாக தண்ணியக் கொதிக்க வைக்கும். உங்க வீட்டுப் பெரியவங்க கட்டைவிரல் வெச்சாத்தான் திறக்கும். அவசரத்துக்கு சிவப்பு ஸ்விட்ச் ஒண்ணு வெச்சிரட்டா? அமுக்கினா மூடி திறந்துக்கும்."

"வேணாம்பா, தெருவுல யாருமே வெச்சுக்கலையே. பாப்பா அமுக்கிருவா."

"சரி, இத மட்டும் மறந்துராதீங்க. குளிச்சிட்டுத்தான் உள்ள இறங்கணும்."

அவன் போனதும் அவ புருஷன் தணிகாசலம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "குளிக்கிறதுக்கு முன்னாடி குளிக்கணுமாம், கேட்டியா!"

இன்னிக்கு விரல் வெச்சு மூடியைத் திறந்துட்டு, மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை அவரு தலையில வெச்சு, முதுகு, கை, காலுன்னு வழிய வழியத் தேச்சுவிட்டா. எதிர்மாடியிலருந்து செல்வமணி டீச்சர் குரல் குடுத்தாங்க.

"என்ன வல்லி, உங்க வீட்டுல கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"இப்பத்தான் டீச்சர் இறங்குறாரு. நீங்க?"

"எண்ணெய் ஊறட்டும்னு நிக்கிறேன். இதோ இறங்கிருவேன்."

தணிகாசலம் கழுத்து வரைக்கும் முங்கினாரு. "ஆகா, சொர்க்கம்டி!"

வல்லி சீயக்காய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினா.

"தொட்டியில் யாரும் இல்லை" அப்படின்னுச்சு தொட்டி. தேன் மாதிரி குரல்.

"அப்ப நான் என்ன பேயா?" அவரு சிரிச்சு முடிக்கல, மூடி இறங்கிருச்சு. தலையை உள்ள இழுத்துக்கலேன்னா கழுத்தே போயிருக்கும்.

"கிருமி நீக்கம் தொடங்குகிறது."

உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சு. தெருவுல யாரோ சரவெடியப் பத்தவெச்சாங்க, அதுல தட்டுறதும் கத்துறதும் அமுங்கிப்போச்சு. மூடி மேல நம்பரு ஏறுது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திமூணு.

வல்லி ஓடிவந்து கட்டைவிரலை வெச்சா.

"விரல் இல்லை."

எண்ணெய்! அவ கை பூரா எண்ணெய். புடவையில துடைச்சிட்டு வெச்சா. "விரல் இல்லை." நாப்பத்தாறு. அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. அவரு உடம்பு மேலயும் இதே எண்ணெய்தானே. தண்ணி அவரைத் தொடவே இல்ல.

கிண்ணத்துக்குள்ள கைய விட்டு, சீயக்காயை அள்ளித் தோல் உரியற மாதிரி தேச்சா. நாப்பத்தெட்டு. விரலை வெச்சு அமுக்கினா.

மூடி திறந்துச்சு. வெந்த இறால் மாதிரி செவந்துபோய் அவரு வெளிய விழுந்தாரு. மூச்சு வாங்குச்சு. வல்லி அவரை மடியில போட்டுக்கிட்டு அழுதா. சரவெடி வெடிச்சு ஓஞ்சுது.

"தொட்டியில் யாரும் இல்லை."

திடுக்குன்னு திரும்பிப் பார்த்தா. அவ தொட்டி வாயைத் திறந்தபடி சும்மாதான் கிடந்துச்சு. குரல் எதிர்மாடியிலருந்து வந்துச்சு. மூடியிருந்த தொட்டிக்குப் பக்கத்துல டீச்சரோட எண்ணெய்க் கிண்ணம் மட்டும் இருந்துச்சு.

"டீச்சர்!"

பக்கத்து மாடியில அதே குரல். அதுக்கடுத்த மாடியில. தெருக்கோடி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு, அதே தேன் குரல். "தொட்டியில் யாரும் இல்லை."

வல்லி கைப்பிடிச் சுவரைப் பிடிச்சு நின்னா. சீயக்காய் அப்பின அவ கட்டைவிரல்தான் அந்தத் தெருவுலயே எண்ணெய் இல்லாத விரல். அது அவ வீட்டு மூடியை மட்டும்தான் திறக்கும்.