உள்பக்கத் தையல்

இரண்டாவது தடவை போட்ட துளையையும் காணவில்லை என்றார் டாக்டர்.

"காணோம்னா?" என்றாள் தையல்காரி.

"மூடிக்கிச்சு. சில பேருக்கு அப்படி ஆகும்." கதவு காற்றில் சாத்திக்கொண்டதைச் சொல்வதுபோல் சொன்னார்.

மூளையின் அடியில், கண் நரம்புகளை ஒட்டி, அவளுக்கு ஒரு நீர்க்கட்டி. பிறவியிலேயே இருந்ததாம். அது வீங்கி நரம்பை அழுத்த, பார்வையின் ஓரங்கள் இருண்டுகொண்டே வந்தன. ஊசியில் நூல் கோக்கக் கால் மணி நேரம் பிடித்தது. மண்டையில் சின்னத் துளை போட்டு, பென்சில் கனத்தில் எண்டோஸ்கோப்பை இறக்கி, கட்டியின் சுவரைத் திறந்து நீருக்கு வழி விட்டார்கள். மூன்று வாரம் கண் தெளிவாக இருந்தது. பிறகு மறுபடி இருட்டு. மறுபடி திறந்தார்கள். மறுபடி இருட்டு. இப்படியே விட்டால் தீபாவளிப் பட்டாசு மாதிரி ஒரு நாள் பொட்டென்று போகாது, கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பார்வையும் போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

இருட்டோடு ஒரு சத்தமும் வந்தது. துணியில் நூல் இழுபடும் சத்தம். ரத்த ஓட்டம் என்றார் ஒருவர். தூக்கம் போதவில்லை என்றார் இன்னொருவர். காதில் அழுக்கு இருக்கலாம் என்றாள் நர்ஸ். இந்த டாக்டர் கோப்பில் 'இரைச்சல்' என்று எழுதிக்கொண்டார்.

"இரைச்சல் இல்ல டாக்டர். இழுக்கிற சத்தம். முப்பது வருஷமா கேக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"இவங்க கடையில ஒரு பட்டன் அறுந்தாலே ஊரை நிக்கவச்சுக் கேள்வி கேப்பாங்க டாக்டர்," என்றாள் துணைக்கு வந்த நாத்தனார். "நீங்க மண்டையையே திறந்திருக்கீங்க. விடுவாங்களா?"

இருவரும் சிரித்தார்கள். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை அவளுடையது, பேச்சு மட்டும் மற்றவர்களுடையது.

"வியாழக்கிழமை மூணாவது தடவை போயிடலாம். இந்தத் தடவை பெரிசாத் திறந்துடறேன்."

"ஏன் மூடுதுன்னே தெரியாமலா? போன தடவை உள்ள என்ன பாத்தீங்கன்னு எனக்குக் காட்டுங்க."

"அண்ணி, அதெல்லாம் பாத்தா சோறு இறங்காது."

"எனக்கு இறங்கி ரெண்டு மாசம் ஆச்சு. காட்டுங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டு ஜன்னல் மறைப்பை இறக்கி, போன தடவை எடுத்த வீடியோவை ஓடவிட்டார். பகல் வெளிச்சம் கோடுகோடாகத் தரையில் விழுந்து அணைந்தது. கைகழுவும் மருந்தின் வாடை திடீரென்று கெட்டியானதுபோல் இருந்தது. ஏசியின் முனகலுக்கு அடியில், தலைக்குள், அந்த இழுப்பு சீராக வந்துபோய்க்கொண்டிருக்க, திரையில் தெளிந்த நீரும், அதில் மிதக்கும் வெள்ளைப் பிசிறுகளும், நனைந்த மல் துணியை இழுத்துக் கட்டியதுபோல் விறைத்து நின்ற ஒரு சுவரும் தெரிந்தன. சுவரின் நடுவே சின்ன வரப்பு.

"இதுதான் பழைய துளை. தழும்பாயிடுச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது தழும்பு இல்ல. தையல்."

"நார்த்திசு பாக்க அப்படித்தான் இருக்கும்."

"நார் அஞ்சு தையலுக்கு ஒரு தரம் பின்னால வந்து பூட்டுப் போடுமா?"

டாக்டர் நாத்தனாரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தை இந்த மருத்துவமனையில் அவள் எத்தனை முகங்களில் பார்த்துவிட்டாள்!

தையல்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அவள் இடதுகைக்காரி. அந்தப் பூட்டை அவள் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

திரையில் இடுக்கி வந்தது. முதல் தையலை அறுத்தது. இரண்டாவதை. மூன்றாவதை. சுவர் விலகியது. அப்பால் கறுப்பு. அறுந்த இழை ஒன்று வெளிச்சத்தில் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. சடக்கென்று உள்ளே போனது.

"நீரோட்டம்," என்றார் டாக்டர்.

"நிறுத்துங்க."

"முடியப்போகுதும்மா."

தலைக்குள் சத்தம் நின்றது.

அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரியும். ஒரு வரிசை முடிந்து, நூலை விரலில் சுற்றி, இறுக்குவதற்கு முன்னால் விடுகிற மூச்சு.

"அண்ணி?" நாத்தனார் அவள் தோளைப் பிடித்தாள். "என்ன அண்ணி?"

நெற்றிக்குப் பின்னால் ஒரு சுண்டி இழுப்பு.

சுவர்க் கடிகாரம் மடிந்தது. ஜன்னல் மறைப்பு சுருக்கு விழுந்தது. மேசை கொசுவமாய் நெருங்கியது. எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி. வெளிச்சமே இல்லாத, ஊசி போன அளவுப் புள்ளி.

முதலில் டாக்டரின் காது அதற்குள் போனது. பிறகு கன்னம். அவர் வியாழக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மடிப்பு மடிப்பாக வாய்.

தோளில் இருந்த கை இன்னும் சூடாக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு அப்பால் நாத்தனார் இல்லை. இறுக்கி இழுத்துத் தைத்த தோல் மட்டும், தையல் இடப்பக்கம் சாய்ந்து.