இலைக்கு அடியில் சேவலின் கால்

காலை 8.10. பிரிக்பீல்ட்ஸ்.

நாகையாவின் வாழையிலை உணவகத்தின் புதுக் கிளைக்குப் பத்து மணிக்குத் திறப்பு விழா. கண்ணாடிக் கதவில் ஆள் உயரக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடையின் சின்னமான சேவல், இலையின் பின்னால் நிற்கிறது. அலகில் ஓர் எலி. கீழே, ‘இன்றைய ஸ்பெஷல்’. மாலையோடு வந்த விருந்தினர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். நாகையாவைப் பிடிக்காதவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

8.40. இன்ஸ்பெக்டர் உஷாராணி வந்தபோது, போட்டோகிராபர் கிஷனின் சட்டைக் காலர் நாகையாவின் கையில் இருந்தது.

“இவன்தான் மேடம்! நேத்து என்கூட சண்டை போட்டான். என் சேவல் படம் இவன் லேப்டாப்ல இருக்கு. லோக்கப்ல போடுங்க!”

“நான் இல்ல லா மேடம். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்!” கிஷன் அழுதுவிடுவான் போலிருந்தது.

உஷாராணி மூன்று வருடம் போலி முத்திரை வழக்குகளைத் துருவியவர். ஸ்டிக்கரை நகத்தால் தடவினார். ஓரங்கள் வழவழவென்று இருந்தன. இலையின் நடுவில் மட்டும், காரணமே இல்லாமல், மெல்லிய கத்திக் கீறல்கள்.

“இந்தச் சேவலை வரைஞ்சது யாரு?”

“என் மகன். பேப்பர்லயே வந்திருக்கு,” என்றார் நாகையா, விழாவுக்கு வந்திருந்த நிருபர்களுக்கும் கேட்கும்படி.

9.15. கிஷனின் லேப்டாப்பைப் பார்த்து முடித்து மூடினார் உஷாராணி.

“இவர் இல்ல. இவர்கிட்ட இருக்கிறது சின்ன போட்டோ, வெறும் புள்ளிகள். கதவு அளவுக்குப் பெரிசாக்கினா ஓரமெல்லாம் படிப்படியா உடையும்.”

“அந்தப் போட்டோ மேலேயே கோடு போட்டு வரைஞ்சிருப்பான்!” என்றார் நாகையா.

“வரையலாம். ஆனா கண்ணுக்குத் தெரியறதை மட்டும்தான்.” கீறல்களின் மேல் விரலை ஓட்டினார். முன்னால் மூன்று விரல்கள், பின்னால் ஒன்று. சேவலின் கால். “உங்க சின்னத்துல காலை இலை மறைக்குது. போட்டோவுல மறைஞ்சது மறைஞ்சதுதான். வெக்டர் பைல் அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் தனித்தனிக் கோடு. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது, இலைக்கு அடியில காலும் முழுசா இருக்கும். ஸ்டிக்கர் வெட்டுற மெஷின், கோடு போற இடமெல்லாம் கத்தியை ஓட்டிடும். ஆக, இது வரைஞ்சவரோட அசல் பைல்ல இருந்து வெட்டினது. உங்க மகனை வரச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போகணும்.”

நாகையா பதறிக் குறுக்கே வந்தார்.

“அவனுக்கு வரையவே தெரியாது மேடம்! என் பழைய கடையில வேலை பார்த்த ஷாமினிதான் வரைஞ்சா. பைலும் அவகிட்டதான் இருக்கு!”

நிருபர்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

“அப்போ ஒட்டினதும் ஷாமினிதான்,” என்றார் உஷாராணி.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். இப்போது மேரு என்ற ஊரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை செய்பவள்.

“நான்தான் மேடம். கிஷன் அண்ணே, சாரி.”

“வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காலை அழிச்சிருந்தா மாட்டியிருக்க மாட்டியேம்மா. மறந்துட்டியா?”

“மறக்கல. வேணும்னேதான் விட்டேன். ரெண்டு வருஷமா என் சேவலை மகன் வரைஞ்சதுன்னு சொல்லிட்டுத் திரியறாரு. போய்க் கேட்டேன். கோழிக்கும் காக்காவுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமான்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு.” அவள் குரலில் வன்மம் அப்படியே கொதித்தது. “என்மேல கேஸ் போடணும்னா, வரைஞ்சது நான்னு அவரே ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும்ல? போடச் சொல்லுங்க மேடம்.”

உஷாராணி பேனாவை நாகையாவிடம் நீட்டினார்.