முதுகுக்கு எதுக்கு மூக்கு

கடலுக்குப் போவதென்றால் அந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணம். ஆனாலும் மூன்றாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் காலையிலிருந்தே உப்பு வாடை அடித்தது. வண்ணம் கரைக்கும் டர்பென்டைனின் நெடியையும் ஆளிவிதை எண்ணெயின் பிசுக்கையும் மீறிக்கொண்டு, பாசியும் ஈர மணலும் கலந்த ஒரு வாடை, பின்னறைக் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்து மகளின் பள்ளிக்கூடப் பை வரை படிந்திருந்தது. அம்மாக்காரி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். வாடை போகவில்லை.

பின்னறையில் நின்றது அவளுடைய முதல் எண்ணெய் ஓவியம். கறுத்த மேகம், இடிந்த கோட்டைச் சுவர், பாறையில் மோதும் கடல். இந்தப் பழைய பாணிக் கடலோரக் காட்சியைக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் போன வகுப்பில் சொன்னார்: "கரையில ஒரு ஆள் வேணும்மா. அப்பதான் கடல் எவ்வளவு பெருசுன்னு தெரியும்."

"எனக்கு முகம் வராதே மாஸ்டர். போன தடவை பூசணிக்காய்தான் வந்துச்சு."

"அப்ப திருப்பி நிக்க வைங்க. முதுகுக்கு எதுக்கு மூக்கு?"

வகுப்பே சிரித்தது. அவளும்தான். வீட்டுக்கு வந்து, எல்லாரும் வாண்டு என்று கூப்பிடும் தன் மகளை நினைத்துக்கொண்டே, சிவப்பு கவுனும் இரட்டைப் பின்னலுமாகக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு சிறுமியை வரைந்தாள். ஆசை ஆசையாகத்தான் வரைந்தாள். வினையை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள்.

மறுநாள் படத்தில் அலை சிறுமியின் காலைத் தொட்டிருந்தது. எண்ணெய் வண்ணம் லேசில் காயாது, வழிந்திருக்கும் என்று அலையைக் கத்தியால் வழித்துக் கீழே தள்ளினாள். மாலையில் வாண்டு ஷூவைக் கழற்றியபோது பாதம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"மழையே இல்லையே, எங்கடி நனைஞ்ச?"

"தெரியலம்மா. சில்லுன்னே இருக்கு."

அடுத்த நாள் இடுப்பளவு. இன்று கழுத்தளவு. வழிக்க வழிக்க அலை ஏறியது. கூடத்தில் படுத்திருந்த பிள்ளை இருமினாள். சளி வரவில்லை, தண்ணீர் வந்தது. துண்டில் மணல். கணவன் டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தான். டாக்டரால் ஆகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டருக்கு போன் போட்டாள்.

"மாஸ்டர், அந்தப் பொண்ணை எப்படிக் கரையேத்தறது?"

"ஈரமாத்தானே இருக்கு? துடைச்சுடுங்கம்மா. வேற இடத்துல போட்டுக்கலாம். தடமே தெரியாது."

துணியை டர்பென்டைனில் நனைத்தாள். ஒரே இழுப்பு. சிவப்பு போயிற்று. தடமே இல்லை.

இருமல் நின்றது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகுதான், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

கூடத்தில் பாய் நனைந்து கிடந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி. பிள்ளை இல்லை.

"வாண்டு!"

குளியலறை. கட்டிலடி. இல்லை. வாசற்கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது.

பின்னறைக்கு ஓடினாள். தூரிகையை எடுத்தாள். அலை எட்டாத பாறை உச்சியில் சிவப்பு. ஒரு பின்னல். இன்னொரு பின்னல். தெரிந்த விதத்தில். தெரிந்த ஒரே விதத்தில்.

கூடத்தில் சொட்டுச் சத்தம்.

சிவப்பு கவுன். சுவரைப் பார்த்து நின்றது. ஈரப் பின்னல்களிலிருந்து நீர் சொட்டியது.

"கண்ணு... அம்மாவைப் பாரும்மா."

திரும்பவில்லை.

வாசற்கதவு தட்டப்பட்டது. "கதவைத் திற! டாக்டர் வந்திருக்கார்!"

அவள் சுற்றிக்கொண்டு மகளின் முன்னால் வந்தாள். அங்கும் பின்னந்தலை. அதே வகிடு. அதே இரட்டைப் பின்னல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர முடி உள்ளே இழுபட்டது, வெளியே உப்பியது, மறுபடி உள்ளே இழுபட்டது.